புள்ளியில்லாத மீன்

நான் சொன்னது மூன்றே சொற்கள்: "விதியைப் பார்த்து எடும்மா." சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நெருங்கும்போதெல்லாம் அந்தச் சொற்கள் என் குரலிலேயே எனக்குக் கேட்கின்றன. சொன்னது சரிதான் என்று ஒரு நாளும், சொல்லியிருக்கவே கூடாது என்று மறுநாளும் தோன்றுகிறது.

பால்தேர்வை, அதாவது இணையைத் தேர்ந்தெடுப்பதால் நிகழும் பரிணாமத்தை, கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்துவது எனக்கு நிறைவளித்ததே இல்லை. மயில்தோகை என்றதும் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பரீட்சையில், பெண்மயில் அழகான ஆண்மயிலைத் தேர்ந்தெடுக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். பெட்டையின் விருப்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து ஓர் உயிரினத்தின் உருவத்தையே மாற்றிவிடுவதை அவர்கள் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். டிரினிடாட் தீவின் மலையோடைகளில் வாழும் கப்பி மீன்களைப் பற்றி ஜான் எண்ட்லர் 1980இல் வெளியிட்ட ஆய்வு அதற்குத் தோதாக இருந்தது. அருவிகளுக்குக் கீழே, கப்பியை வேட்டையாடும் பெரிய மீன்கள் உள்ள இடங்களில் ஆண் கப்பிகளின் உடலில் புள்ளிகள் குறைவு. அந்த மீன்கள் ஏறிவர முடியாத மேலோடைகளில் புள்ளிகள் அதிகம். கொசுப்புழுக்களைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுகிறோமே, அதே மீன்தான். என் வகுப்பில் பாதிப் பேர் அதைப் பாட்டிலில் வளர்த்தவர்கள்.

ஓர் ஓடைக்கு 16 மீன்கள் வீதம் பழுப்பு அட்டையில் வெட்டினேன். ஃபேன்சி ஸ்டோரில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, நான்கு மீன்களுக்கு ஆறு பொட்டு, நான்குக்கு நான்கு, நான்குக்கு இரண்டு என்று ஒட்டி, மீதி நான்கை வெறுமையாக விட்டேன். ஓடைப்படுகைக்குப் பூப்போட்ட நைட்டித் துணி. கீழோடையில் ஒரு மாணவர் வேட்டை மீனாக நின்று, மூன்று நொடிக்குள் கண்ணில் படும் மீனை எடுத்துவிடுவார். மேலோடையில் வேட்டை மீன் கிடையாது. இரண்டு ஓடைகளிலும் எட்டுத் தேர்வாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று மீன்களைக் காட்டுவேன். அவர் ஒன்றை எடுப்பார். அந்த மீனுக்கு அதைப் போலவே இரண்டு ஆண்குஞ்சுகள். தேர்வாளர்களில் பாதிப் பேரை ஆண்பிள்ளைகளாக வைத்தேன். இருபாலரும் படிக்கும் வகுப்பில் பெண்பிள்ளைகளை மட்டும் நிறுத்தித் 'துணையைத் தேர்ந்தெடு' என்று சொன்னால் பிறகு அது எத்தனை நாள் கேலியாக ஓடும் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். கரும்பலகையில் ஒரே ஒரு விதி: காட்டப்படும் மூன்றில் அதிகப் புள்ளிகள் உள்ள மீனை எடுக்கவும்.

மேலோடையில் கடைசியாக வந்தவள் அதிகம் பேசாத பெண். அவளுக்குக் காட்டிய மூன்று மீன்களில் ஒன்றுக்கு ஆறு பொட்டு, ஒன்றுக்கு இரண்டு, ஒன்று வெறுமை. அவள் சற்றும் தயங்காமல் வெறும் மீனை எடுத்தாள். பின்வரிசையிலிருந்து 'ஓ' என்று ஒரு சத்தம் கிளம்பியது.

"ஏம்மா, ஆறு புள்ளி மீன் பக்கத்திலேயே இருக்கே?"

"எனக்கு இதுதான் மிஸ் பிடிச்சிருக்கு."

"இப்ப நீ நீயில்ல, பெண் கப்பி. விதியைப் பார்த்து எடும்மா."

அவள் அந்த மீனைத் துணியின் மேல் திரும்ப வைத்தாள். எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு ஆறு பொட்டு மீனை எடுத்து என்னிடம் நீட்டியபடியே கேட்டாள்: "பெண் மீன்தான் தேர்ந்தெடுக்குதுன்னு சொன்னீங்க. இது நீங்க தேர்ந்தெடுக்கிறதுதானே மிஸ்?"

நேரமாகிறது என்று சொல்லி அடுத்த தலைமுறைக்கான மீன்களை எண்ணத் தொடங்கினேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு ஓடைகள், மூன்று தலைமுறைகள். ஒருவர் விதியை மீறினால் அடுத்தவரும் மீறுவார், கணக்கு கலைந்துவிடும். பின்வரிசைச் சத்தத்திலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்ததும் உண்மைதான். நம் ஊர் வகுப்பறையில் ஒரு பெண் எழுந்து நின்று, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்வது, அட்டை மீனைப் பற்றியதாகவே இருந்தாலும், அட்டை மீனோடு நின்றுவிடுவதில்லை. அந்தப் பேச்சு வளருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, அல்லது வரைபடத்தில் கோடு மேலே ஏற வேண்டும் என்ற அவசரமா என்று இப்போது என்னால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சத்தம் போட்டவர்களை நான் கண்டிக்கவில்லை, அவளைத்தான் திருத்தினேன்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் சராசரி மூன்று புள்ளிகள். நான் திருத்திய பிறகு ஆறு தேர்வாளர்கள் ஆறு பொட்டு மீனையும் இருவர் நான்கு பொட்டு மீனையும் எடுத்ததாகப் பதிவாகி, அடுத்த தலைமுறையின் சராசரி 5.5 ஆனது. அவள் எடுத்த வெறும் மீனை அப்படியே விட்டிருந்தால் 4.75 ஆகியிருக்கும். அப்போதும் கோடு ஏறியிருக்கும். பாடத்துக்கு எந்தக் குறையும் வந்திருக்காது.

அவள் கேள்வியோ என் பாடத்தைவிடப் பழமையானது, ஆழமானது. பால்தேர்வை விரிவாக எழுதி டார்வின் நூலாக வெளியிட்டது 1871இல். பெட்டைகளுக்கு அழகுணர்ச்சி உண்டு, அவை தேர்ந்தெடுக்கின்றன என்றார். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் போதிய விடை இல்லை. இயற்கைத் தேர்வை அவரோடு சேர்ந்து முன்வைத்த வாலஸே பெட்டையின் தேர்வு என்ற கருத்தை ஏற்க மறுத்தார். விருப்பமும் தாயிடமிருந்து மகளுக்கு மரபுவழியாக வரக்கூடியது, மகனுக்கு வரும் அலங்காரத்தோடு சேர்ந்தே அதுவும் வளரும் என்று மரபியலாளர் ஃபிஷர் 1915இலும் பிறகு 1930இலும் எழுதிய பிறகுதான் அந்த இடைவெளி ஓரளவு நிரம்பியது. என் விளையாட்டில் விருப்பம் எங்கிருந்து வந்தது? சாக்பீஸிலிருந்து வந்தது. அதைத்தான் அவள் சுட்டிக்காட்டினாள்.

உயிரியலாளர் மால்டே ஆண்டர்சன் கென்யாவில் நீளவால் விதவைப் பறவைகளிடம் செய்த சோதனையை (1982) நான் வகுப்பில் எப்போதும் சொல்வதுண்டு. ஆண்பறவையின் சுமார் அரை மீட்டர் நீளமுள்ள வாலைச் சிலவற்றில் வெட்டிக் குறைத்தார், சிலவற்றில் ஒட்டி நீட்டினார். நீட்டியவற்றின் எல்லைக்குள் அதிகப் பெட்டைகள் வந்து கூடு கட்டின. அவர் கைவைத்தது ஆணின் வாலில்தான். பெட்டை எங்கே போகிறது என்பதை விலகி நின்று எண்ணினார். எண்ட்லரும் வளர்ப்புக் குளங்களில் வேட்டை மீனை விட்டும் விடாமலும் பார்த்தாரே தவிர, பெண் கப்பி எதை விரும்ப வேண்டும் என்று விதிக்கவில்லை. நான் மட்டும் பெட்டையின் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பெண் கப்பிகளும் ஆரஞ்சு நிறத்தை ஒரே அளவில் விரும்புவதில்லை. ஓடைக்கு ஓடை விருப்பம் மாறுகிறது. கண்ணுக்குப் பழகிப்போன கோலத்தைவிட அரிதாகத் தென்படும் கோலத்தைப் பெண்கள் நாடுவதும், ஒரு பெண் எடுத்த ஆணை இன்னொரு பெண் பார்த்துத் தானும் நாடுவதும் இதே மீனில் பதிவாகியிருக்கின்றன. முன்னால் வந்த ஏழு பேரும் ஆரஞ்சையே எடுத்த ஓடையில் எட்டாவது பெண் வெறும் மீனை எடுத்தது உயிரியல்படி தவறே அல்ல. 'நீ நீயில்ல, பெண் கப்பி' என்றேன். அவளோ நான் அறிந்திருந்த பெண் கப்பியைவிட உண்மையான பெண் கப்பியாக நடந்துகொண்டாள்.

அடுத்த ஆண்டு விளையாட்டை மாற்றினேன். தேர்வாளர்களுக்கு விருப்ப அட்டை கொடுத்தேன்: சிலருக்கு அதிகப் புள்ளி, சிலருக்குக் குறைந்த புள்ளி, சிலருக்கு முன்னவர் எடுத்ததைப் போன்றது. விருப்பமும் அடுத்த தலைமுறைக்குப் போகும். அறிவியலாகப் பார்த்தால் இது மேலானது. வகுப்பிலோ சராசரி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மணி அடித்தபோது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அலகுத் தேர்வில் பலர் இயற்கைத் தேர்வையும் பால்தேர்வையும் ஒன்றோடொன்று குழப்பி எழுதியிருந்தார்கள். முந்தைய ஆண்டுப் பிள்ளைகள் அதைத் தெளிவாக எழுதியவர்கள். அவளும்தான், அவள் விடைத்தாளில் அந்த வினாவுக்கு முழு மதிப்பெண் போட்டவள் நான். பாடநூல் எதிர்பார்க்கும் விடையை வரி பிசகாமல் எழுதியிருந்தாள். அதைத் திருத்தும்போது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

ஆகவே பழைய விளையாட்டுக்கே திரும்பிவிட்டேன். விதியையும் அப்படியே எழுதுகிறேன். விதி இல்லாமல் பாடம் நிற்காது என்பதை இரண்டாவது ஆண்டு எனக்குக் காட்டிவிட்டது. ஆனால் விதியை எழுதி முடித்ததும், இது உண்மையில் மீனின் விருப்பம், இன்றைக்கு நான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒருவேளை அவள் அன்று விதியை மீறாமல் இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கே தோன்றியிருக்காது.

அந்தப் பெண் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டாள். அவளுக்கு ஏன் அந்த மீன் பிடித்திருந்தது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. அன்று ஒரு நிமிடம் போதும் அதற்கு. அதன் பிறகு ஆய்வகத்தில் எத்தனையோ நாட்கள் என் எதிரில் நின்றிருக்கிறாள், கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் மறுபடியும் அந்தப் பாடம். நேற்று அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பசை காய்ந்து பொட்டுகள் உதிர்ந்திருந்தன; ஆறு பொட்டு மீன்கள் சில ஐந்தாகவும் நான்காகவும் ஆகியிருந்தன. புதுப் பொட்டு வாங்கிவந்து ஒவ்வொன்றாக எண்ணி ஒட்டினேன். வெறும் மீன்கள் நான்கிலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. தூசியைத் துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.