பால் பாட்டிலும் வெள்ளைக் கண்ணு ஈயும்

மெண்டலோட பட்டாணி கதைய ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம், எனக்கு என்னமோ அமெரிக்க விஞ்ஞானி மார்கனோட ஈ கதைதான் பிடிக்கும். நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டில ஒரு சின்ன ரூம், பூரா பால் பாட்டில், உள்ள மசிச்ச வாழைப்பழம், நாத்தம் எப்படி இருந்திருக்கும்! 1910ல சிவப்பு கண்ணு பழ ஈக்களுக்கு நடுவுல வெள்ளைக் கண்ணோட ஒரே ஒரு ஆண் ஈ மாட்டுச்சு, அத சிவப்பு கண்ணு பெண் ஈயோட சேர்த்தா பொறந்தது கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு, அதுங்கள தங்களுக்குள்ள சேர்த்தா வெள்ளைக் கண்ணு 782, அத்தனையும் ஆண்தான், ஒரு பெண் கூட இல்ல. அதாவது கண்ணு கலருக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல உக்காந்திருக்கு, ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதானே, அதுல வெள்ளை ஜீன் இருந்தா அத மறைக்க சிவப்பு ஜீனோட இன்னொரு காப்பி கிடையாது. இத்தனைக்கும் ஜீன் எல்லாம் குரோமோசோம்லதான் இருக்குங்கிற குரோமோசோம் தியரிய அதுவரைக்கும் நம்பாம இருந்தவரே மார்கன்தான். 1933ல நோபல் வாங்குனாரு.