வராண்டாவில் இருபத்தாறு மீட்டர்

ஜூன் 4, 2025, புதன்

பீரோவைத் திறந்ததும் மேப்கள் சரிந்து காலில் விழுந்தன. எல்லாம் ஓரம் கிழிந்து, பாதிக்குக் கம்பே இல்லை. கழிவறை வேலையில் மிஞ்சிய நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய் பின்பக்கம் கிடந்தது. மூன்று துண்டாக அறுத்து வாங்கி, கயிறு கட்டி ஆணியில் மாட்டினேன். உலகம், இந்தியா, தமிழ்நாடு ஆளுக்கொரு குழாய்க்குள் போய்விட்டன.

தமிழ்நாடு மேப்பில் 32 மாவட்டம்தான். தூக்கிப் போடத்தான் நினைத்தேன். அப்புறம் வேறொன்று தோன்றியது.

ஜூன் 6, வெள்ளி

பழைய மேப்பைப் பலகையில் மாட்டி, "இதில் எது தப்பு?" என்று மட்டும் ஒன்பது பி-யில் கேட்டேன். கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் (ஐந்தும் 2019), மயிலாடுதுறை (2020) என ஆறையும் கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். மயிலாடுதுறைதான் கடைசி. இந்தியா மேப்பை விரித்ததும் "மிஸ், ஹைதராபாத் இன்னும் ஆந்திராவுல இருக்கு!" என்று ஒரு கத்தல். தெலங்கானா பிரிந்த 2014-ஐ நான் எழுதிப் போட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

42 நோட்டை ஒரே நாளில் திருத்துவதை நிறுத்திவிட்டேன். தினம் ஒரு வரிசை, எட்டு ஒன்பது நோட்டு. திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தபடியே அடுக்கித் தர வேண்டும். பக்கம் தேடும் நேரம் மிச்சமானாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அவுட்லைன் மேப்பைக் கண்ணாடி மாதிரி இருக்கும் ஃபைல் கவருக்குள் போட்டு, ஒயிட்போர்டு மார்க்கரில் ஆறுகளை வரையச் சொன்னேன். துடைத்துவிட்டு மறுநாளும் வரையலாம். ஒருவன் பெர்மனன்ட் மார்க்கரில் காவிரியை ஓடவிட்டான். சானிடைசர் வைத்துத் துடைத்தோம்.

ஜூன் 20, வெள்ளி

லீடர் தேர்தலைக் குடவோலை முறையில் நடத்தினோம். குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கும் இந்த முறையைச் சொல்பவை உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. பெயர் போட வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்று விதிகளைப் படித்துக்கொண்டே போனேன். முன்பு வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற இடம் வந்ததும் வகுப்பு மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. சார்ட் வாங்கத் தலைக்கு இரண்டு ரூபாய் வசூலித்த போன வருஷ லீடர் எழுந்து, "பதினாறு ரூபா மிச்சம் இருக்கு மிஸ், நாளைக்கு கொண்டு வர்றேன்" என்றான். நான் அவனைக் கேட்கவே இல்லை.

பிளாஸ்டிக் குடத்தைக் குலுக்கி, சீட்டெடுக்க ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டோம். அங்கேயும் சின்னப் பையனைத்தான் எடுக்க வைத்தார்கள். எங்கள் குடத்தில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். அவளே கேட்டாள்: "அப்போ பொம்பளைங்க பேரு போட்டாங்களா மிஸ்?" இல்லை. நிலமில்லாதவர்கள்? அவர்களும் இல்லை. வேதம் படித்த பிராமணர்களின் சபை அது. "அப்புறம் எப்படி மிஸ் ஜனநாயகம்னு சொல்றாங்க?" மணி அடித்துவிட்டது. அடுத்த பீரியடில் அந்தக் கேள்வியையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பாடத்துக்கு இவ்வளவு நல்ல பதில்கள் வந்ததில்லை.

ஜூன் 27, வெள்ளி

நைலான் கயிறு, துணி கிளிப், பழைய காலண்டர் அட்டை. வராண்டாவில் வரலாற்றுக் காலக்கோடு கட்டினோம். நூறு வருஷத்துக்கு ஒரு மீட்டர். இன்றைய தேதியை எங்கள் வகுப்பு வாசலில் குத்தி, பின்னோக்கிப் போனோம். கீழடியின் கி.மு. 580 கிட்டத்தட்ட 26 மீட்டர் தள்ளி, வராண்டா திரும்பி, எச்.எம். அறை வாசலில் போய் நின்றது. "என் தலைக்கு மேலயா?" என்றார் சார். அட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

பிளாசிப் போர் தொடங்கி 1947 வரை 1.9 மீட்டர்தான். "இவ்வளவுதானா?" என்று ஒருவன் கையை விரித்து அளந்தான், கொஞ்சம்தான் எட்டவில்லை. அவர்கள் பிறந்த 2011 வாசலிலிருந்து 14 செ.மீ. 1945-இல் பிறந்த தன் பாட்டிக்கு ஒருத்தி தனி அட்டை எழுதி, சுதந்திரத்துக்கு இரண்டு செ.மீ. முன்னால் குத்தினாள். அவள் பாட்டி வெள்ளைக்காரன் ஆட்சியில் பிறந்தவர் என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்ததாம்.

ஜூன் 30, திங்கள்

காலையில் வந்து பார்த்தால் கயிற்றில் இரண்டு ஈரத் துணி காய்கிறது. பெருக்கும் அக்காவைக் கேட்டேன். "அங்கதான் டீச்சர் ஒண்ணுமே மாட்டாம காலியா கிடந்துச்சு."

போய்ப் பார்த்தேன். சங்ககால அட்டைகள் முடிந்து பல்லவர் தொடங்கும் வரை, கி.பி. 300-லிருந்து 600 வரை, முழுசாக மூன்று மீட்டர். களப்பிரர் காலம். இருண்ட காலம் என்று நான் படித்த நாளில் மனப்பாடம் செய்தது. துணியை எடுக்காமல், பி செக்‌ஷனை அப்படியே வராண்டாவுக்குக் கூட்டிவந்தேன்.