கேன்வாஸின் பின்பக்கம்

ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே, பூர்வகுடி ஓவியர்களே சொந்தமாக நடத்தும் ஒரு சிறிய கலை மையத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கணக்கு எழுதத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் அங்கே கணக்கு எழுதுகிறவரே துணி வெட்டுவார், கேன்வாஸுக்கு அடிப்பூச்சு கொடுப்பார், டீ போடுவார், வயதானவர்களை வீடு வீடாகப் போய் வண்டியில் ஏற்றி வருவார்.

படம் முடிந்து காய்ந்ததும் என் கைக்கு வரும். அளந்து, போட்டோ எடுத்து, பின்பக்கம் திருப்பி ஓவியரின் பெயரும் ஒரு எண்ணும் எழுதுவேன். எண் என்றால், ஓவியரின் பெயரின் முதலெழுத்துகள், வருடம், வரிசை எண். கணினிப் பதிவு, பணம் கொடுத்த ரசீது, வாங்குபவருக்குப் போகும் சான்றிதழ் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த சில வாரத்தில் எனக்கு ஒரு உறவுப் பெயர் கொடுத்தார்கள்: நுங்குராயி. அந்தப் பகுதியில் எல்லோரும் பிறப்பாலேயே எட்டுப் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்; யார் யாருக்கு என்ன முறை என்பது அதிலேயே முடிவாகிவிடும். தினமும் என் ஜன்னலோரம் உட்கார்ந்து வரையும் பாட்டி ஒரு நபல்ஜாரி. நபல்ஜாரியின் சகோதரன் மகள் நுங்குராயி. ஆக, அவர் எனக்கு அத்தை. அம்மாவின் அக்கா தங்கையை அம்மா என்றே கூப்பிட்டு, அப்பாவின் அக்கா தங்கையைத் தனி முறையில் வைக்கும் அந்த வழக்கத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து மனதுக்குள் அவரை அத்தை என்றுதான் அழைக்கிறேன்.

அத்தை கேன்வாஸைத் தரையில் விரித்துப்போட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்காருவார். மெல்லிய குச்சியின் முனையை வண்ணத்தில் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக வைப்பார். டக், டக் என்று சின்னதாக ஒரு சத்தம் மதியம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். கை எட்டாத இடம் வந்தால் எழுந்து மறுபக்கம் போய் உட்காருவார். நாய்கள் நடுவில் நடந்து போகும். அவற்றின் தடம் பதிந்த இடத்தில் மறுபடி புள்ளி வைப்பார். ஒருமுறை மரச் சட்டத்தில் இழுத்து அடிப்பதற்காக, "இதில் எது மேல்பக்கம்?" என்று கேட்டேன். அவர் படத்தை அப்படியே தரையில் திருப்பி, நாங்கள் நின்ற திசைக்கு ஒத்துவரும்படி வைத்தார். "வடக்கு இங்கே. தண்ணீர் இங்கே. நாங்கள் இந்தப் பக்கமிருந்து நடந்து வந்தோம்" என்றார். அது நிலம். நிலத்துக்கு மேல்பக்கம் கிடையாது.

சான்றிதழில் படத்தின் கதையும் இருக்க வேண்டும். ஜுகுர்ப்பா என்று அவர்கள் சொல்வது, முன்னோர் இந்த நிலத்தை நடந்து நடந்து உருவாக்கிய வரலாறு. இன்றைக்கும் நடப்பில் உள்ள சட்டமும் அதுதான். 'ட்ரீமிங்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக் கனவு என்று தமிழில் எழுதினால் விஷயமே கெட்டுப்போகும். ஒவ்வொரு கதைக்கும் உரிமை உள்ளவர்கள் உண்டு. ஆரம்பத்தில் நான் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன். ஏழு பெண்கள் இந்த ஊற்றுக்கு வந்தார்களா, சரி, அப்புறம்? ஏன் வந்தார்கள்? அத்தை குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். கோபம் இல்லை. கதவு சாத்துகிற மாதிரி ஒரு அமைதி.

அந்தக் கதவின் வரலாறு பிறகுதான் புரிந்தது. 1971இல் பபுன்யா என்ற பாலைவன ஊரில் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் கொடுத்த ஊக்கத்தில், ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். மறுவருடமே பபுன்யா துலா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சுவர் ஓவியத்தின் மேல் சில ஆண்டுகளிலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. முதலில் பலகைகளில் வரைந்த சில படங்களில் சடங்கில் மட்டுமே பார்க்கவேண்டிய அடையாளங்கள் இருந்தன. எதிர்ப்பு வந்தது. அவற்றில் சிலவற்றை இன்றும் பொதுவில் வைப்பதில்லை. அதன் பிறகு புள்ளிகள் பெருகி, சொல்லக் கூடாததை மூடிக்கொண்டன. உலகமே அழகு என்று பார்க்கும் புள்ளிகளுக்கு ஒரு காவல் வேலையும் இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிளிஃபர்ட் பாஸம் ஜபல்ஜாரி என்ற ஓவியர் 1977இல் வரைந்த 'வர்லுகுலாங்' என்ற படம் முதலில் 1,200 டாலருக்குப் போனது. 2007 ஏலத்தில் 24 லட்சம் டாலர். அவர் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. 2010 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ நடக்கும் மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் வரும். காலம் கடந்து வந்த நியாயம், ஆனாலும் நியாயம். எங்கள் மையத்தில் விற்ற தொகையில் பாதிக்கு மேல் ஓவியருக்கு; மீதியில்தான் துணி, வண்ணம், டீசல், என் சம்பளம். நகரத்துக்கு மருத்துவமனைக்குப் போன ஒருவர், ஐந்து பெரிய படங்களை ஒரு வியாபாரிக்கு வரைந்து கொடுத்துவிட்டு ஓட்டைக் கார் ஒன்றோடு திரும்பினார். பாதி வழியிலேயே அது நின்றுவிட்டது. நான்தான் போய்க் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை.

இந்தப் படங்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் சிறுநீரகத்தைப் பற்றித்தான் சொல்வேன். பாலைவன ஊர்களில் அந்த நோய் மிக அதிகம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடக்க வேண்டும். பேரப்பிள்ளைகளையும் சொந்த மண்ணையும் விட்டுவிட்டுப் போய்ச் சாகிற மாதிரி. 2000இல் கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஓவியர்கள் சேர்ந்து படங்கள் வரைந்து சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் இயந்திரம் ஓடியது.

என் இரண்டாம் வருடம் அத்தையின் அக்கா முறையான இன்னொரு நபல்ஜாரி இறந்தார். மையத்தை மூடினோம். இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயர் உள்ளவர்களைக்கூட குமஞ்சாயி என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் இருந்த போட்டோவை எடுத்தேன். கிடங்கில் உட்கார்ந்து, அவருடைய ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நான் எழுதிய பெயரின் மேல் வெள்ளை டேப் ஒட்டினேன். எண் மட்டும் தெரிந்தது.

பல மாதம் கழித்து, படங்களை வெளியே எடுக்கலாம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஒன்றுக்கு மட்டும் கதை பதிவாகவில்லை. அத்தையும் அந்தக் கதைக்கு உரியவர்தான். கூட்டி வந்து காட்டினேன். டேப் ஒட்டிய பின்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. படத்தைத் தரையில் போட்டு, வடக்கே திருப்பி, நடுவிலிருந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு ஊற்றின் பெயரைச் சொன்னார். நான் பேனாவோடு காத்திருந்தேன். இரண்டாவது முறையும் அதே பெயரைச் சொன்னார். கதைக்கு விட்டிருந்த இடத்தில் அந்த ஒரு பெயரை எழுதி வைத்தேன்.