எண்பது ஏக்கரும் இரண்டு கணக்கு நோட்டுகளும்

2016 ஜனவரியில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் கிரண்டி கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) வந்து சேர்ந்தோம். கணவருக்கு வாட்டர்லூவில் டிராக்டர் தொழிற்சாலையில் வேலை. வாடகை குறைவாக இருக்கிறதே என்று ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டை எடுத்துவிட்டோம். ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பனி. மைலுக்கு ஒரு சாலை என்று நாடே கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருந்தது. ஒரு கட்டத்துக்கு 640 ஏக்கர். அதற்குள் மூன்று வீடு, நான்கு வீடு, அவ்வளவுதான். மன்னார்குடிப் பக்கத்தில் சுவருக்குச் சுவர் வீடு ஒட்டி வளர்ந்தவள் நான். முதல் வாரம் முழுக்க அழுதேன்.

மூன்றாம் நாள் வாசலைப் பனி மூடிவிட்டது. விடிவதற்குள் டிராக்டரோடு வந்து வழியைத் தள்ளிக் கொடுத்தவர் வீட்டுக்காரப் பெரியவர். அப்போது அவருக்கு வயது 76. பெயர் சொல்லியே கூப்பிடு என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, ‘தாத்தா’ என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லி, அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போனது.

பாட்டி தேநீர் குடிக்க அழைத்தார். அமெரிக்க வீடு, காபிதான் கிடைக்கும் என்று போனேன். சின்னப் பீங்கான் கோப்பையில் பெரிய கற்கண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் கறுப்புத் தேநீரை ஊற்றினார். பட், பட் என்று கற்கண்டு விரிசல் விடும் சத்தம் கேட்டது. கோப்பையின் ஓரமாக ஒரு கரண்டி க்ரீம். கலக்கக் கூடாதாம். முதலில் பால் ருசி, அப்புறம் கசப்பு, அடியில் இனிப்பு. அவர்களுடைய முன்னோர் ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், வடகடல் ஓரத்து ஆஸ்ட்ஃபிரீஸ்லாந்திலிருந்து வந்தவர்கள். இந்தத் தேநீர் அந்த ஊர்ப் பழக்கம். கிரண்டியில் அப்படி வந்த குடும்பங்கள் நிறைய.

அரசாங்கம் இவர்களுக்கு நிலத்தை இலவசமாகக் கொடுத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். 1862 சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்தால் 160 ஏக்கர் சொந்தம் என்று பள்ளியில் படித்த நினைவு. தாத்தா சிரித்தார். அயோவாவில் அதற்குள் பெரும்பாலான நிலம் விற்றுத் தீர்ந்துவிட்டது. அவருடைய பூட்டனார் 1869-இல் கடன் வாங்கித்தான் 80 ஏக்கர் வாங்கினார். எங்கள் டெல்டா நில அளவில் 12 வேலி. அதற்கு முன்னால் அது யாருடைய மண் என்பதையும் தாத்தாவே சொன்னார். தெற்கே டாமா கவுண்டியில், தங்களை விரட்டிய மண்ணிலேயே மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்கள் 1857-இல் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கித் திரும்ப வந்து குடியேறினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

மண் நல்ல கறுப்பு மண். ஆனால் வசந்தத்தில் பாதி வயல் சேறு. களிமண்ணைச் சுட்ட குழாய்களை நாலடி ஆழத்தில் வரிசையாகப் புதைத்தார்கள். குழாய்க்குக் குழாய் விடும் இடுக்கில் தண்ணீர் கசிந்து இறங்கி ஓடைக்குப் போய்விடும். கடலோரத் தாழ்நிலத்தில் கால்வாய் வெட்டிப் பிழைத்த ஜனங்களுக்கு வடிகால் புது வித்தை இல்லை. எனக்கும் அது புதிதில்லை, டெல்டாக்காரிக்கு வடிகால் தெரியாதா? உழும்போது மேலே வந்த பழைய குழாய்த் துண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். செங்கல் நிறம். உள்ளே குயவரின் விரல் பட்டது போல ஒரு வரி. அதில் இப்போது துளசி வைத்திருக்கிறேன்.

1918-இல்தான் அந்த வீட்டில் பேசிவந்த தாய்மொழி போனது. முதல் உலகப் போர் நேரம். பொது இடத்திலும் பள்ளியிலும் தேவாலயத்திலும், தொலைபேசியில்கூட, ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆளுநர் ஹார்டிங் மே மாதம் அறிக்கை விட்டார். டிசம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் தாத்தாவின் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. பிள்ளைகளுக்கு வம்பு வேண்டாம் என்று பெரியவர்கள் வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பேசவே இல்லை. என் மகள் பிறந்த பிறகு எனக்கு இந்தக் கதை அடிக்கடி நினைவுக்கு வரும்.

அப்புறம் விதை. 1926-இல் ஹென்றி வாலஸ் என்ற அயோவாக்காரர் கலப்பின மக்காச்சோள விதைக்குக் கம்பெனி தொடங்கினார். “களஞ்சியத்தில் கதிர் கிடக்கும்போது விதையைக் காசு கொடுத்து வாங்குவதா?” என்று தாத்தாவின் தாத்தா ஒப்புக்கொள்ளவே இல்லையாம். ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது என் தாத்தாவும் இதையேதான் கேட்டார் என்று அம்மா சொல்வார். ஏக்கருக்கு 40 புஷல் விளைந்த இடத்தில் இன்று 200 புஷல், ஏறக்குறைய ஐந்து டன்.

நிலம் கைவிட்டுப் போகப் பார்த்தது 1980-களில். அயோவாவில் சராசரியாக ஏக்கர் 1981-இல் 2,147 டாலர், 1986-இல் 787 டாலர். ஏறிய விலையை நம்பி வங்கிக் கடனில் வாங்கியவர்கள், வட்டியும் ஏறியதும் மூழ்கிப்போனார்கள். தாத்தாவின் தம்பி தன் பங்கை ஏலத்தில் இழந்தார். ஏலத்தன்று அவருடைய கலப்பைகளை வரிசையாக நிறுத்தி எண் ஒட்டியிருந்தார்களாம். அக்கம்பக்கத்தார் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார். பாட்டிதான் மீதியைச் சொன்னார். முதல் 80 ஏக்கர் மட்டும் தப்பியது. நூறு வருடம் ஒரே குடும்பத்தில் இருந்த நிலத்துக்கு மாநிலம் தரும் பலகை வீட்டு முகப்பில் தொங்குகிறது.

எங்கள் கடைசி இரண்டு மா நிலத்தை அப்பா விற்றது என் பொறியியல் படிப்புக்காக. அதை நான் தாத்தாவிடம் சொன்னபோது, “எவ்வளவு ஏக்கர்?” என்று கேட்டார். முக்கால் ஏக்கர்கூட இல்லை என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

போன குளிர்காலத்தில் பரணிலிருந்து ஒரு தோல் அட்டை நோட்டை எடுத்து வந்தார். பூட்டனார் எழுதிய கணக்கு. பழைய ஜெர்மன் கையெழுத்து. அந்த வீட்டில் யாருக்கும் ஓர் எழுத்து தெரியாது. எண்களை மட்டும் நானும் அவரும் விரல் வைத்துப் படித்தோம்.

என் பாட்டனாரின் குத்தகைக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் கேட்டேன். பெருமையோடு ஃபோனை நீட்டினேன். “படி” என்றார் தாத்தா. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் கடகடவென்று வந்தது. தொகை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். எல்லாம் தமிழ் எண்கள், மா, காணி, முந்திரி என்ற பின்னங்களுக்கு உரிய பழைய குறிகள். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

தாத்தா தன் நோட்டை ஃபோனுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பாட்டி என் கோப்பையில் இன்னொரு கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினார்.