சாயவேரும் பிரெஞ்சுப் பாடமும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் உயர்தரம் முடித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பையும் அதே காலத்தில் கொழும்பில் பிரெஞ்சு மொழியையும் படித்தவள் நான். "இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படித்தீர்கள் அக்கா, ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லையா?" என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்பதற்கு வீதியில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா தையற்காரி. மீள்குடியேறிய பிறகு உதவியாகக் கிடைத்த கால்மிதித் தையல் இயந்திரத்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீருடைத் துணி வந்துசேரும் நாட்களில் எங்கள் விறாந்தை முழுவதும் வெள்ளைத் துணி குவிந்திருக்கும். வெட்டி மிஞ்சும் துண்டுகளைப் பொறுக்கி அளவுவாரியாக அடுக்கி வைப்பது என் வேலை. நேரே வெட்டிய துணி எப்படி விழும், குறுக்கே வெட்டிய துணி எப்படி இழுபடும் என்பதெல்லாம் அந்த வயதிலேயே கைக்குத் தெரிந்திருந்தன. ஆயினும், அதற்கென்று நான்கு வருடப் பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது என்பதை உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பின்னரே அறிந்தேன்.

இந்தப் படிப்புக்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசற் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொது விண்ணப்பத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது தனி விண்ணப்பம். இதற்கு முடிவுத் திகதியும் தனி. எங்கள் பக்கத்தில் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பெறுபேறு வந்த பின் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு, நல்ல புள்ளிகளோடு வெறுங்கையராக நின்ற இருவரை எனக்கே தெரியும். எந்தெந்தப் பாடங்கள் தகுதியானவை என்பது ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் இருக்கும். அதை மற்றவர் சொல்லக் கேட்டு நம்பாமல் தாமே வாசிப்பது நல்லது.

எனக்குத் தொல்லை தந்தது பரீட்சை அல்ல, பெயர்தான். மூலப் பிறப்புச் சான்றிதழ் 2009இல் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. பிறகு எடுத்த பிரதியில் என் பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பரீட்சைப் பெறுபேற்றில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. தமிழில் ஒரே எழுத்தான 'த' ஆங்கிலத்துக்குப் போகும்போது படும் பாட்டை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். அலுவலகம் ஒன்று இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பியது. முதல் தடவையிலேயே காரணத்தை முழுமையாகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் பயணமும் அம்மாவின் ஒரு நாள் கூலியும் மிஞ்சியிருக்கும். கடைசியில், மூன்று பெயர்களும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டேன். விண்ணப்பம் வரும்வரை காத்திராமல் இந்த வேலையை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உளச்சார்புப் பரீட்சைக்கு இரவுப் பேருந்தில் போனேன். தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து வரைந்தது, சீருடை வெட்டிய பின் மிஞ்சும் துண்டுகளின் வடிவங்களைத்தான்: கழுத்து வளைவு, கைக்குழி, நாடாவுக்கும் உதவாத முக்கோணங்கள். அழகாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் வரைந்தவற்றைப்போல அது இருக்கவில்லை.

பிரெஞ்சைப் பற்றிய பேச்சுக்கு வருமுன், வன்னிப் பிள்ளை ஒருத்திக்கு நாட்டுக்குள்ளேயே தாண்ட வேண்டிய மொழிகள் இரண்டு இருக்கின்றன என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. விடுதியும் கடையும் பேருந்தும் சிங்களத்தில் இயங்கின. முதல் வருடம் முழுவதும் மூன்று நிரல்கள் கொண்ட ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஆங்கிலச் சொல், சிங்களச் சொல், தமிழ்ச் சொல். முதல் இரண்டு நிரல்களும் வேகமாக நிரம்பின. தமிழ் நிரல்தான் வெறுமையாகக் கிடந்தது. நெசவில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கும் குறுக்கே ஓடும் நூலுக்கும் தமிழில் என்ன பெயர் என்று தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் தைப்பவர், நெய்பவர் அல்லர். பாவு, ஊடை என்ற சொற்களை அகராதியில் கண்டுபிடித்தபோது, என் சொந்த மொழியிலேயே நான் பிறமொழிக்காரிபோல நிற்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

இரண்டாம் வருடத்தில் பிரெஞ்சைத் தொடங்கினேன். உடன் படித்தவர்கள் வேலைவாய்ப்பை நினைத்து ஜப்பானிய மொழியையோ கொரிய மொழியையோ எடுத்தார்கள். அதில் தவறேதும் இல்லை. நான் பிரெஞ்சை எடுத்ததற்கு முதற்காரணம், பாரிஸில் லா ஷப்பல் பக்கத்தில் இருக்கும் மாமா குடும்பம். மாமாவோ, "இங்க வந்தா மூண்டு மாசத்தில நாக்குத் தானாத் திரும்பும், அதுக்கேன் பிள்ளை காசு கட்டிப் படிக்கிறாய்?" என்றார். அங்கேயே பிறந்து வளர்ந்த மச்சாள்தான் எனக்குத் துணை. நான் அவளுக்குத் தமிழ் எழுத, அவள் எனக்குப் பிரெஞ்சில் குரற்பதிவு அனுப்ப, இருவருடைய பிழைகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு போயின.

சனிக்கிழமை காலையில் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தையிலிருந்து 101ஆம் இலக்கப் பேருந்தில் ஏறிக் கொழும்புக்குப் போய், பார்ன்ஸ் பிளேஸில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் வகுப்பு முடித்துப் பிற்பகலில் திரும்புவேன். வடிவமைப்புப் படிப்பின் உண்மையான சுமை விரிவுரை அல்ல. இரவிரவாக இருந்து செய்யும் செயற்றிட்டங்கள்தான். அவற்றைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டியிருந்தால் சனிக்கிழமை வகுப்பு பலியாகும். மூன்று வாரம் தொடர்ந்து தவறவிட்டால், நான்காவது வாரம் போய் உட்கார்ந்தாலும் ஆசிரியர் சொல்வது காதில் ஏறாது. இதை அனுபவப்பட்ட பிறகு, ஒப்படைப்பு நாட்களை ஆறு மாதத்துக்கு முன்பே நாட்காட்டியில் குறித்து, சோதனை நடக்கும் மாதங்களோடு மோதாத பருவங்களில் மட்டும் மொழிவகுப்புக்குப் பதிவு செய்தேன். இரண்டையும் சேர்த்துப் படிப்பதற்கு நான் கண்ட வழி அவ்வளவுதான்.

டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தகைமைச் சோதனையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். பகுதிக்கு 25 புள்ளிகள். மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும். எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. 2020இல் ஊரடங்கினால் வீட்டுக்கு வந்து, குளக்கட்டில் ஏறி நின்றால் மட்டும் கிடைத்த அலைவரிசையில் வகுப்புக் கேட்ட எனக்கு, அதற்குப் பின் எழுதிய இரண்டாம் நிலைச் சோதனையில் கேட்டல் பகுதிக்கு 6 புள்ளிகள் கிடைத்தன. மற்றப் பகுதிகள் என்னைக் காப்பாற்றின.

இனித்தான் சொல்ல வந்த விடயம். மொழிவகுப்பை ஒரு துணைப்பாடமாக எண்ணித்தான் போனேன். அது வடிவமைப்புக்குள் தானாக வந்து புகுந்தது. 'பத்ரோன்' என்ற பிரெஞ்சுச் சொல் முதலாளியையும் குறிக்கும், துணி வெட்டுவதற்கான வடிவத்தாளையும் குறிக்கும் என்று கேட்டபோது, வெட்டுத்தாள் சொன்னபடி கத்தரிக்கோல் நடப்பதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். இன்னொரு நாள் கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் பற்றிய பாடத்தில், அங்குள்ள பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணியைக் காட்டி, அதன் பெயர் 'மத்ராஸ்' என்றார் ஆசிரியர். எங்கள் ஊரில் ஆண்கள் உடுத்தும் சாரத்தின் கட்டங்களேதான். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் போய்ச் சேர்ந்தது. அவர்கள் இறங்கியபோது அவர்கள் நாட்டுத் துணி அங்கே முன்னரே போய்ச் சேர்ந்து, பிறர் தலையில் கட்டப்பட்டிருந்தது.

துணி வரலாற்றுப் பாடத்துக்கு நான் எடுத்த கட்டுரைத் தலைப்பு, பிரெஞ்சுக்காரர் 'அந்தியென்' என்று அழைத்த இந்திய அச்சுப் பருத்தித் துணிகள். அவற்றின் மீது மக்களுக்கு இருந்த மோகத்தால் உள்நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில்கள் கெடுகின்றன என்று 1686இல் பிரான்ஸ் அவற்றைத் தடைசெய்தது. தடை 1759வரை நீடித்தது. தடை இருந்த காலத்திலும் அந்தத் துணிகளின் சிவப்பு எப்படி வருகிறது, கழுவக் கழுவ ஏன் போகவில்லை என்று அறியும் ஆவல் தீரவில்லை. 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயமிடும் முறையைப் படிப்படியாக விவரித்துப் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் இருக்கும் உறவைப் பின்னாளில் எடுத்துக்காட்டியவரும் அவரே. மொழியையும் சாயத்தையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்த அந்த மனிதர்மீது எனக்கு இன்றும் ஒரு தனிப் பற்று உண்டு.

அந்தக் கடிதத்தை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்துக்கொண்டு போனபோது, எந்தப் பிரெஞ்சு அகராதியும் உதவாத ஒரு சொல்லில் தட்டுப்பட்டு நின்றேன். 'ஷாயாவேர்' என்று எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். இரண்டாவது தடவை வாய்விட்டு வாசித்தபோதுதான் புரிந்தது: சாயவேர், சிவப்புச் சாயம் தரும் வேர். சற்றுத் தள்ளி வந்த இன்னொரு சொல் கடுக்காய். பெயர் ஆங்கிலத்துக்குப் போய்ப் பட்ட பாட்டை அறிந்தவளுக்கு, பிரெஞ்சுக்குப் போய் வந்த தமிழை அடையாளம் காண்பது கடினமாக இருக்கவில்லை. கொப்பியின் வெறும் நிரலில் அந்த இரண்டு சொற்களையும் அன்றிரவே எழுதினேன்.

சாயவேர் எங்கள் கரைகளுக்கு அந்நியமானதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் இந்த வேரைத் தோண்டுவது அவர்களுடைய கம்பனியின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஊரில் இதைச் சாயத்துக்காக அறிந்தவர் எவரும் இல்லை. ஆனால் எங்கள் சித்த வைத்தியருக்கு இலையைக் கண்டதும் தெரிந்துவிட்டது. அவர் இந்தச் செடியை இம்பூறல் என்றார். "இம்பூறல் காணாமல் இரத்தம் கக்கிச் செத்தான் எண்டு கேள்விப்படேல்லையோ பிள்ளை?" என்று கேட்டு, கடற்கரை மணலில் அது முளைக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்தார். குட்டைச் செடிதான், வேர் மெல்லியதாய், நூல்போல ஆழத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு பை வேர் சேர்க்க இரண்டு நாள் முதுகு முறிந்தது.

இறுதி வருடச் செயற்றிட்டமாக அந்தக் கடிதத்தின் முறையைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, படிகாரக் கரைசலால் கோலம் எழுதி, கழுவி, பின் சாயவேரோடு வேகவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்புப் படிகாரத்தைப் பருத்தியில் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு, எழுதிய கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறும். ஆய்வுகூடத்தில் மூன்று தடவை செய்தேன். கோடு சுத்தமாக வந்தது. நிறம் மட்டும் மங்கிய செங்கபில நிறமாகவே நின்றது. எருமைப் பாலுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பசுப்பாலைப் பாவித்ததுதான் குறை என்று நினைத்து என்னையே நொந்துகொண்டேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் விரிவுரைகள் இணையவழிக்கு மாற, மீதி வேரையும் துணியையும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வன்னியில் எருமைப் பாலுக்குப் பஞ்சமில்லை. அம்மா விறகடுப்பில் பெரிய பானையை ஏற்றினார். நீர் எங்கள் வீட்டுக் கிணற்று நீர். கேத்தில் அடியில் வெண்படலம் படியவைக்கும் அதே கடின நீர். மெல்லச் சூடேற்றி அரைமணி கழிந்து துணியைத் தூக்கியபோது, பானைக்குள் இருந்து எழுந்தது சிவப்பு. குங்குமச் சிவப்பு அல்ல, செம்பரத்தம் பூ வாடும்போது வரும் ஆழ்ந்த சிவப்பு. சாயவேரின் சிவப்பு படிகாரத்தோடு சேர்ந்து முழுமையாகத் தெளிவதற்குச் சுண்ணாம்புச் சத்து உதவும் என்று பிறகு வாசித்தேன். கேர்து பாதிரியாரும் சிப்பி கலந்த மண்ணில் விளையும் வேர் சிறந்தது என்ற கருத்தை எழுதியிருந்தார். முதல் வாசிப்பில் அந்த வரியை முக்கியமில்லாதது என்று தாண்டிப் போயிருந்தேன்.

அம்மா எதையும் கேட்காமல் அந்தத் துண்டை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கிணற்றடிக் கல்லில் நாலு அடி அடித்துப் பிழிந்து பார்த்தார். நீர் வெள்ளையாகவே ஓடியது. "இது நிக்கும்" என்றார்.

அறிக்கையில், ஒவ்வொரு மாதிரித் துணியின் கீழும் நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்க வேண்டியிருந்தது. கடைசித் துண்டின் கீழ் 'வீட்டுக் கிணறு' என்பதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மேற்பார்வையாளர் அதன் கீழ் இரண்டு கோடு இழுத்து, நீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று கேட்டிருந்தார். மறுநாள் இரண்டு போத்தல்களில் கிணற்று நீரை நிரப்பி, மூடியை அம்மாவின் வெட்டுத்துணியால் இறுகக் கட்டி, கொழும்புக்குப் போகும் இரவுப் பேருந்தில் நடத்துநரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.