தவறவே முடியாத பரிசோதனை

பள்ளி ஒன்றில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், வண்ண வரைபடங்கள் நிறைந்த தடித்த அறிக்கைகளோடு சில பெற்றோர் வருகிறார்கள். டி.எம்.ஐ.டி. (டெர்மடோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்) என்ற பெயரில் நடத்தப்படும் விரல்ரேகைப் பரிசோதனையின் அறிக்கைகள் அவை. குழந்தையின் பத்து விரல்களையும் ஸ்கேன் செய்து, ரேகைகளில் உள்ள சுழிகளையும் வளையங்களையும் கொண்டு, அக்குழந்தைக்கு மொழித்திறன் எவ்வளவு, கணிதத்திறன் எவ்வளவு, எந்தப் படிப்பு பொருந்தும் என்பதையெல்லாம் தசமப்புள்ளியோடு சொல்லிவிடுகிறார்கள். கட்டணமும் ஆயிரக்கணக்கில் வாங்கப்படுகிறது.

எடுத்த எடுப்பிலேயே பொய் என்று தள்ளிவிட முடியாதபடி இதன் தொடக்கத்தில் சில உண்மைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. தோல்ரேகைகளை ஆராயும் துறைக்கு 1926-இல் ‘டெர்மடோகிளிஃபிக்ஸ்’ என்று பெயரிட்டவர் ஹரால்ட் கமின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர். டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் ரேகை அமைப்பு மாறுபடுவதை ஆராய்ந்தவரும் அவரே. தோலின் மேலடுக்கும் மூளையும் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன என்பது சரி. நுண்ணறிவு ஒன்றல்ல, பல வகைப்பட்டது என்னும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்தார் என்பதும் சரி. ஆனால் இன்ன விரலில் உள்ள சுழி இன்ன நுண்ணறிவின் அளவைக் காட்டும் என்ற கூற்றுக்கு இவற்றில் எதுவும் சான்றாகாது. இரு கரைகளும் உறுதியாக இருப்பதைக் காட்டி, நடுவே கட்டப்படாத பாலத்துக்குச் சுங்கம் வாங்குகிறார்கள். இந்திய உளநல மருத்துவர் சங்கமும் இப்பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகக் கூறியிருக்கிறது.

பெற்றோரின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அறிக்கையில் இருப்பது எங்கள் பிள்ளைக்கு அப்படியே பொருந்துகிறதே, மேடம்.” இந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் அது நேர்மையான அனுபவத்திலிருந்து வருவது. உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர்களிடம் செய்து காட்டியதும் இந்த அனுபவத்தைப் பற்றித்தான். ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, அதன் முடிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பைக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னபோது, சராசரியாக ஐந்துக்கு 4.26 கிடைத்தது. அனைவருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வாக்கியங்கள் பெரும்பாலும் கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் இதையே செய்து பார்த்தேன். “உங்கள் குழந்தை சில நேரங்களில் பிடிவாதம் பிடித்தாலும் உள்ளுக்குள் மென்மையானவர்; தம் திறமை முழுவதையும் இன்னும் வெளிப்படுத்தவில்லை” என்ற வகையில் எழுதிய தாளை உறையிலிட்டுக் கொடுத்தேன். பலர் மிகவும் பொருந்துவதாகக் குறித்தார்கள். பின்னர் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒரு தந்தை எழுந்து, “எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிறது என்பதால் அது பொய் என்று ஆகிவிடாதே, மேடம்” என்றார். அன்று எழுந்த கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். அவர் சொன்னது உண்மை. அந்த வாக்கியங்கள் பொய்யல்ல. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் வாக்கியம், அவருடைய குழந்தையைப் பற்றி அவருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. அறிக்கைக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், பல குழந்தைகளின் அறிக்கைகளைப் பெயர் நீக்கி ஒன்றாகக் கலந்து, தம் பிள்ளையின் அறிக்கை எது என்று தாய்மார்களைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். தோற்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது. அதனால்தான் அதைச் சோதனை என்கிறோம்.

விற்பனையாளர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு சிறப்பு, எத்தனை ஆண்டு கழித்து எடுத்தாலும் முடிவு மாறாது என்பது. மாறாதுதான், தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்துக்குள் உருவாகிவிட்ட ரேகை மாறப்போவதில்லை. முடிவு மாறாமல் இருப்பதை நம்பகத்தன்மை என்றும், அளப்பதாகச் சொல்வதை உண்மையிலேயே அளப்பதை ஏற்புடைமை என்றும் எங்கள் துறையில் பிரித்தே பேசுகிறோம். முதலாவது நூற்றுக்கு நூறு இருந்தும் இரண்டாவது சுழியமாக இருக்கலாம். முறையான நுண்ணறிவுத் தேர்வின் அறிக்கை, பிழை எல்லையையும், அதாவது மதிப்பெண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதையும், சேர்த்தே படிக்கப்பட வேண்டியது. விரல்ரேகை அறிக்கைகளில் அந்த எல்லையை நான் கண்டதில்லை.

இது வெறும் பண இழப்பாக இருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். வேறொரு பள்ளியிலிருந்து வந்த மூன்றாம் வகுப்புச் சிறுவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. மொழித்திறன் பிறவியிலேயே குறைவு, விளையாட்டில் விடுங்கள் என்று அறிக்கை சொன்னதை நம்பி, வீட்டில் வாசிப்புப் பயிற்சியையே நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு இருந்தது டிஸ்லெக்சியா. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட கற்றல் குறைபாடு. முறையான பயிற்சியால் நிச்சயம் முன்னேற்றம் காணக்கூடியது. வாசிக்கப் பழக வேண்டிய வயதில் அவன் இழந்த காலத்தை எண்ணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

“இத்தனை ஆயிரம் குழந்தைகளைப் பார்த்திருக்கிறோம், ஒருவரும் குறை சொன்னதில்லை” என்று சொல்பவர்களிடம் அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் எழுதிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 1919-இல் அவர் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். குழந்தையைப் பார்க்காமலேயே தாழ்வுணர்ச்சிக் கோட்பாட்டைக் கொண்டு ஆட்லர் விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டதற்கு, ஆயிரம் மடங்கு அனுபவம் என்றார். இப்போது அது ஆயிரத்தொன்றாகிவிட்டது போலும் என்று பாப்பர் பதில் சொன்னார். எதிர்ச்சான்றுக்கு இடமே தராத அனுபவம் எத்தனை ஆண்டு சேர்ந்தாலும் கூடுவது எண்ணிக்கை மட்டுமே.

சான்று எங்கே என்ற கேள்வி எங்கள் பக்கமும் திரும்ப வேண்டும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் முறை ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. ஹரால்ட் பாஷ்லரும் மூன்று அறிஞர்களும் 2008-இல் அதற்கான சான்றுகளை ஆராய்ந்து, அந்த வகைக்கேற்பப் பாடம் நடத்துவதால் கற்றல் மேம்படுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தார்கள். இதைச் சொன்னால் விரல்ரேகையை எதிர்க்கும் ஆசிரியர்களே சங்கடப்படுகிறார்கள்.

இப்போது எங்கள் பள்ளியில் மாணவர்களிடம் எந்தத் தேர்வையும் நடத்த விரும்பும் நிறுவனம் முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். தொடர்பற்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்களா, பிழை எல்லை என்ன, எந்த முடிவு வந்தால் உங்கள் கூற்று தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பவை அதன் முக்கியக் கேள்விகள். விரல்ரேகைக்காக வந்தவர்கள் பாராட்டுக் கடிதங்களைக் கொடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கான இடத்தை வெறுமையாக விட்டார்கள். நான் பயன்படுத்தும் பினே–காமத் நுண்ணறிவுத் தேர்வுக்கும் அதே படிவத்தை நிரப்பி அதே கோப்பில் வைத்திருக்கிறேன். அதன் குறைகளுக்கான பகுதியில், மதிப்பெண்களை ஒப்பிடப் பயன்படும் நெறியளவுகள் பல பத்தாண்டுகளுக்கு முந்தையவை, எனவே இம்மதிப்பெண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று எழுதி, கையொப்பமிட்டிருக்கிறேன்.