தேதி தானா விழணும்னு எழுதின மேக்ரோ

மும்பை தாராவில லெதர் பேக் தைக்கிற பட்டறை ஒண்ணுல கணக்கு பாக்குறேன், ஸ்டாக் எல்லாம் எக்செல்ல தான். பி காலம்ல பேக் கோடு, சி-ல பீஸ், டி-ல சரக்கு போன தேதி. தேதிய கையால போடணும், பாதி நாள் விட்டுப்போயிரும், மாசக் கடைசில அண்ணாச்சி "இது என்னைக்குப்பா போச்சு"ன்னு கேட்டா பதில் இருக்காது. நவ் ஃபார்முலா போட்டா ஷீட் கணக்கு பண்ற ஒவ்வொரு தடவையும் தேதி மாறிருது.

சரி, வொர்க்‌ஷீட் சேஞ்ச் ஈவன்ட், அதாவது ஷீட்ல ஒரு செல் மாறினதும் தானா ஓடுற மேக்ரோ (எக்செல்லுக்கு நாம எழுதிக் குடுக்குற சின்ன நிரல்), அத கத்துக்குவோம்னு பட்டறை மூடினப்புறம் தினம் ஒரு மணி நேரம் உக்காந்தேன். முதல் நாள் சாதாரண மாட்யூல்ல (பொதுவா மேக்ரோ எழுதுற பக்கம்) எழுதி வச்சுட்டு காத்திருந்தேன், எரரும் வரல, ஒண்ணும் நடக்கல. அந்த ஷீட்டோட சொந்த கோடு விண்டோல எழுதினா தான் ஓடும், கீழ ஷீட் பேர் மேல ரைட் கிளிக் பண்ணி வியூ கோடு. மாத்தி எழுதினதும் பீஸ் அடிச்சேன், பக்கத்துல தேதி விழுந்துச்சு பாருங்க, அந்த சந்தோஷம் தனி.

அடுத்து பேக் கோடு எல்லாம் பெரிய எழுத்தா மாறட்டும்னு ஒரு வரி சேத்தேன். எக்செல் அப்படியே நின்னு, தானா மூடிருச்சு. மேக்ரோ செல்ல மாத்துது, செல் மாறினதால அதே மேக்ரோ திரும்ப ஓடுது, அது மறுபடி மாத்துது, முடிவே இல்ல. அதுக்கு தான் எழுதுறதுக்கு முன்னாடி எனேபிள்ஈவன்ட்ஸ, அதாவது இப்படி தானா ஓடுறதுக்கான சுவிட்ச, ஃபால்ஸ்னு வச்சு, முடிச்சதும் ட்ரூன்னு வைக்கணும்.

வச்சேன். மறுநாள் தையக்காரர் குடுத்த லிஸ்ட்ல இருந்து 12 கோடு மொத்தமா பேஸ்ட் பண்ணேன், டைப் மிஸ்மேட்ச், எரர் 13. எரர் பெட்டில இருந்த எண்ட் பட்டன அழுத்திட்டேன். அதுக்கப்புறம் இப்படி தானா ஓடுற எந்த மேக்ரோவும் அசையல, கூட திறந்திருந்த வேற ஃபைல்ல இருந்ததும் செத்துப்போச்சு. எழுதின மேக்ரோவ திருப்பித் திருப்பி படிச்சேன், தப்பே தெரியல, 90 அடி ரோட்ல நடந்து வீட்டுக்குப் போற வழியெல்லாம் இதே நெனப்பு. ஃபால்ஸ் வச்ச இடத்துக்கும் ட்ரூ வச்ச இடத்துக்கும் நடுவுல எரர் வந்து நின்னுருக்கு, அதனால அது ஃபால்ஸ்லயே கெடந்துருக்கு! மேக்ரோ எழுதுற எடிட்டர்ல கன்ட்ரோல் ஜி அழுத்தி, ஒரு வரிய உடனே ஓட்டுற இமீடியட் விண்டோல அப்ளிகேஷன்.எனேபிள்ஈவன்ட்ஸ் = ட்ரூன்னு அடிச்சதும் உயிர் வந்துச்சு. இத மட்டும் புதுசா பழகுறவங்க எழுதி வச்சுக்கோங்க. இப்ப நான் ஆன் எரர் கோடூ (எரர் வந்தா நாம சொன்ன வரிக்கு தாவ வைக்கிறது) போடாம ஃபால்ஸ்ங்கிற வார்த்தைய எழுதுறதே இல்ல, எரர் வந்தாலும் வராட்டியும் கடைசில ட்ரூ வைக்கிற வரிக்கு போய் தான் ஆகணும்.

பேஸ்ட் பிரச்சினைக்கு காரணம், டார்கெட், அதாவது எது மாறுச்சுன்னு மேக்ரோவுக்கு வர்றது, ஒரே செல்லா தான் வரும்னு நான் நெனச்சது. 12 செல் வந்தா அதோட வேல்யூ ஒரு கூட்டமா வரும், பெரிய எழுத்தா மாத்துற யூகேஸ் அத வாங்காது. இன்டர்செக்ட் வச்சு நமக்கு வேண்டிய காலத்த மட்டும் பிரிச்சு, ஃபார் ஈச்ல ஒவ்வொரு செல்லா போனா சரியாயிருது.

ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. மேக்ரோ ஷீட்ல எழுதினா அண்டூ அழிஞ்சுருது, தப்பா அடிச்சா கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது. அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன், காலைல திறக்குறதுக்கு முன்னாடி ஃபைல ஒரு காப்பி எடுத்து வைக்கிறோம்.